பிபி நார்மல், ஆனாலும் மாத்திரை: கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் ஆபத்துக் காரணிகள்

மூன்றாம் மாதச் செக்கப். பிபி 110/70. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் சரி. ஆனாலும் மருத்துவர் சீட்டில் ‘இரவு ஒன்று’ என்று ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் “இது ஹார்ட் பேஷண்டுக்குக் கொடுக்கிறதாச்சே, யாருக்கு?” என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் ‘ரத்தம் உறைவதைத் தடுக்கும்’ என்று வருகிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் போடலாமா? அதோடு மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்தக் குழப்பம் நியாயமானதுதான். பிபி ஏறினால் மாத்திரை என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. ஏறாத பிபிக்கு எதற்கு? பதில், மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. இது எத்தனையாவது கர்ப்பம், போன பிரசவத்தில் பிபி இருந்ததா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்ததா, சுகர் உண்டா, இரட்டைக் கருவா என்று கேட்டிருப்பார். இவற்றைத்தான் ஆபத்துக் காரணிகள் என்கிறார்கள். இவற்றில் எது கனமானது, எது வெறும் பேச்சு, இந்தப் பட்டியலை வைத்து என்ன செய்ய முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## ஒரே எண், நான்கு நோய்கள்

கர்ப்பத்தில் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்றைத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தம். ஒருமுறை அளந்ததை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இன்னொரு முறையும் அப்படியே இருக்க வேண்டும். 160/110 என்று வந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. 15 நிமிடத்துக்குள் மறுபடி அளந்து பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள், அது அவசர நிலை.

எண் ஒன்றுதான் என்றாலும், அதன் பின்னால் இருக்கும் நோய் நான்கு வகைப்படும்.

1. ஏற்கெனவே இருந்த பிபி. கர்ப்பத்துக்கு முன்பே இருந்தது, அல்லது 20 வாரத்துக்குள் தெரியவந்தது.

2. கர்ப்பகால பிபி. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக ஏறுவது. வேறு பாதிப்பு எதுவும் இருக்காது.

3. ப்ரீ-எக்ளாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு பிபி ஏறுவதோடு சிறுநீரில் புரதம் போவது, அல்லது கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை, நுரையீரல் என்று ஏதாவது ஓர் உறுப்பு பாதிக்கப்படுவது. ‘யூரினில் உப்பு போகிறது’ என்று வீடுகளில் சொல்வது இந்தப் புரதத்தைத்தான். சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புரதம் போகாமலேயே ப்ரீ-எக்ளாம்ப்சியா வரலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

4. முன்பே பிபி இருந்தவருக்கு அதன் மேல் ப்ரீ-எக்ளாம்ப்சியாவும் சேர்ந்துகொள்வது.

மூன்றாவதும் நான்காவதும் முற்றி வலிப்பு வந்தால் அது எக்ளாம்ப்சியா. உலக அளவில் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்மார்கள் இறப்பதில் ஆறு, ஏழில் ஒன்று இந்த ரத்த அழுத்தக் கோளாறுகளால்தான் நடக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. கர்ப்பத்தின் நடு மாதங்களில் எல்லோருக்கும் பிபி இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே பிபி இருந்து, அது தெரியாமலேயே இருக்கும் ஒரு பெண் ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக மருத்துவமனைக்குப் போகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு 124/80 என்று அழகாகக் காட்டும். எட்டாம் மாதத்தில் 146/94 ஆகும்போது, இது பழையதா புதியதா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. 12 வாரத்துக்குள் ஒருமுறையாவது அளந்து அட்டையில் எழுதியிருந்தால் இந்தத் தடுமாற்றம் வராது. நாள் தள்ளிப்போனதும் சொல்லக்கூடாது, மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இந்த இடத்தில் இடிக்கிறது.

## கோளாறு ஆரம்பிப்பது நஞ்சுக்கொடியில்

கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சிறு தமனிகள் இருக்கின்றன. சாதாரண நாளில் இவை ஒடுங்கியவை. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தத் தமனிகளுக்குள் நுழைந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, அகலமான தளர்ந்த குழாய்களாக மாற்றுகின்றன. ஒற்றைச் சால் வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவது மாதிரி. இந்த வேலை முதல் சில வாரங்களில் தொடங்கி, ஏறக்குறைய 20 வாரத்துக்குள் முடிந்துவிடும்.

சிலருக்கு இது அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய்கள் ஒடுங்கியே இருக்கின்றன. ஆரம்பத்தில் குழந்தை சிறியது, தேவை குறைவு, எதுவும் தெரியாது. ஆறாம், ஏழாம் மாதத்தில் தேவை கூடும்போது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகிறது. அப்போது அது சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் அதிகமாக விடுகிறது. அவை உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, பிபி ஏறுகிறது, சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது, கை கால் முகம் வீங்குகிறது.

நஞ்சுக்கொடிதான் மூலம் என்பதற்கு ஒரு வலுவான சாட்சி, முத்துப்பிள்ளைக் கர்ப்பம். அதில் நஞ்சுத் திசு மட்டும் கொத்துக் கொத்தாக வளரும். முழுமையான வகையில் குழந்தையே இருக்காது. ஆனால் ப்ரீ-எக்ளாம்ப்சியா வரும், அதுவும் 20 வாரத்துக்கு முன்பே வரும். நஞ்சுத் திசுவை எடுத்துவிட்டால் போய்விடும்.

ஆனால் நஞ்சுக்கொடி மட்டுமே கதை இல்லை. சிலருக்கு அது சுமாராக அமைந்தாலே போதும், நோய் வந்துவிடும். காரணம், அவர்களுடைய ரத்தக்குழாய்கள் முன்பே சர்க்கரையாலோ, கூடுதல் எடையாலோ, சிறுநீரக நோயாலோ களைத்திருக்கின்றன. இனி பார்க்கப்போகும் காரணிகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேரும்: நஞ்சுக்கொடி சரியாக வேர்விடவில்லை, அல்லது தாயின் குழாய்கள் தாங்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

## கனமான காரணிகள்

2016இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 92 ஆய்வுகளிலிருந்து இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை எடுத்துக்கொண்டு எந்தக் காரணிக்கு எவ்வளவு கனம் என்று கணக்கிட்டது. கீழே வரும் ‘மடங்கு’ எண்கள் அதிலிருந்து எடுத்தவை.

1. முந்தைய கர்ப்பத்தில் ப்ரீ-எக்ளாம்ப்சியா: சுமார் 8 மடங்கு. பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். “அது போன தடவை, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை இது. அந்த முறை எத்தனை வாரத்தில் பிரசவம் ஆனது என்பதும் முக்கியம். ப்ரீ-எக்ளாம்ப்சியாவால் 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க நேர்ந்திருந்தால், அடுத்த முறை அது திரும்பி வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பொதுவாகப் பார்த்தால் ஆறில் ஒன்று.

2. ஏற்கெனவே இருக்கும் பிபி: சுமார் 5 மடங்கு. முப்பது வயதிலேயே பிபி மாத்திரை சாப்பிடும் பெண்கள் இன்றைக்கு அபூர்வம் இல்லை. இவர்கள் கவனிக்க வேண்டிய கூடுதல் விஷயம் ஒன்று உண்டு. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற மாற்று மருந்துக்கு மருத்துவர் மாற்றித்தர வேண்டும். பயந்துபோய்த் தானாக எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் தப்பு. லேசான பிபிதானே, கர்ப்பத்தில் விட்டுவிடலாமா என்ற பழைய விவாதத்துக்கு 2022இல் அமெரிக்காவில் 2,400 பெண்களிடம் நடந்த சோதனை பதில் சொன்னது. 140/90க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்குத்தான் நல்லது நடந்தது, குழந்தையின் வளர்ச்சியும் குறையவில்லை.

3. கர்ப்பத்துக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய்: சுமார் 4 மடங்கு. கர்ப்பத்தில் மட்டும் வரும் சர்க்கரையும் ஆபத்தைக் கூட்டும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

4. இரட்டை, மூன்று கருக்கள்: சுமார் 3 மடங்கு. நஞ்சுத் திசு அதிகம், தேவையும் அதிகம்.

5. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குபவை), ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு, நாள்பட்ட சிறுநீரக நோய். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு. ஆனால் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு உள்ளவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்ததாக அந்தத் தொகுப்பாய்வு காட்டுகிறது. திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்கு இந்தக் கோளாறுக்கான பரிசோதனையை ஏன் எழுதுகிறார்கள் என்றால், இதுவும் ஒரு காரணம்.

## நடுத்தரமானவை

தனியாக வந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று சேர்ந்தால் கணக்கு மாறும் என்ற வகை இவை.

முதல் கர்ப்பம் என்பதே ஒரு காரணி, சுமார் 2 மடங்கு. தந்தையின் மரபணுவும் கலந்த திசுவைத் தாயின் எதிர்ப்புச் சக்தி முதன்முறையாகச் சந்திக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. தானமாகப் பெற்ற கருமுட்டையில் கர்ப்பம் தரித்தால் ஆபத்து கூடுவதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. அங்கே கருவின் மரபணுவில் தாயின் பங்கு எதுவுமே இல்லை. ஐவிஎஃப் போன்ற செயற்கைக் கருத்தரிப்புக்குப் பொதுவாகச் சுமார் 1.8 மடங்கு.

கடைசிப் பிரசவத்துக்கும் இந்தக் கர்ப்பத்துக்கும் 10 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், உடம்பு ஏறக்குறைய முதல் கர்ப்பம் மாதிரியே நடந்துகொள்கிறது.

எடை. உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 30ஐத் தாண்டினால் சுமார் 2.8 மடங்கு. இந்தியர்களுக்கு 25லேயே உடல்பருமன் என்று கணக்கிடுகிறார்கள் என்பதால், “கொஞ்சம் பூசினாப்பல இருக்கேன், அவ்வளவுதான்” என்பவர்களும் கணக்கில் வரக்கூடும். ஆனால் கர்ப்பமான பிறகு எடையைக் குறைக்கக் கிளம்பக்கூடாது. அதற்கான காலம் கர்ப்பத்துக்கு முன்னால்.

வயது. 40ஐத் தாண்டினால் சுமார் ஒன்றரை மடங்கு. வயதைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. முப்பத்தைந்தில் கர்ப்பமானவரைப் பார்த்துப் பதறுகிற உறவினர்கள், இருபத்தைந்து வயதில் அதிக எடையோடும் முந்தைய ப்ரீ-எக்ளாம்ப்சியாவோடும் வருபவரைப் பார்த்துச் சும்மா இருக்கிறார்கள். யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றால், அந்த இரண்டாமவரைத்தான்.

குடும்ப வரலாறு. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணவர் பக்கத்தையும் கேட்கலாம். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெளியான ஆய்வு ஒன்றில், தன் தாய்க்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா இருந்த கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவிகளுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. நஞ்சுக்கொடியில் பாதி மரபணு தகப்பனுடையதுதானே! ஆகவே மாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைப்பதில் தப்பில்லை. “இவர் பிறக்கும்போது உங்களுக்குக் கை கால் வீங்கி, பிபி ஏறி, சீக்கிரமே எடுத்தார்களா அத்தை?” என்று.

## மடங்கு என்றால் என்ன அர்த்தம்

இரண்டு மடங்கு, எட்டு மடங்கு என்று படித்ததும் வயிற்றைக் கலக்கும். எதன் மடங்கு என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரில் முதல் கர்ப்பத்திலிருந்த 11,000 பெண்களிடம் கால்சியம் மாத்திரை பற்றி நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வந்தது. அவர்களில் ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பேர். அத்தனை பேருக்கும் ‘முதல் கர்ப்பம்’ என்ற காரணி இருந்தது. ஆனாலும் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். கனமான காரணிகள் உள்ளவர்கள் மொத்தத்தில் குறைவு. முதல் கர்ப்பக்காரர்கள் ஏராளம். ஆகவே வார்டில் ப்ரீ-எக்ளாம்ப்சியாவோடு படுத்திருப்பவர்களில் கணிசமானோர் முதல் கர்ப்பம் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணியும் இல்லாதவர்களாக இருப்பார்கள். பட்டியலில் நம் பெயர் இல்லை என்பதற்காக ஒரு செக்கப்பைக்கூட விடக்கூடாது என்பது இதனால்தான்.

அப்படியானால் பட்டியலால் என்ன பயன்? யாருக்கு வரும் என்று ஜோசியம் சொல்ல அது உதவாது. யாருக்கு முன்கூட்டியே மருந்து, யாருக்கு அடிக்கடி பரிசோதனை என்று பிரிக்க உதவும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் சிலருடைய அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. இவரைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று அடுத்த மருத்துவருக்குச் சொல்லும் குறிப்பு அது, வேறொன்றும் இல்லை.

## பட்டியலில் இல்லாதவை

டென்ஷன். “ஓவரா யோசிக்கிறா, அதான் பிபி ஏறிடுச்சு” என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியைப் போடுவது சுலபம். படபடப்பில் அந்த நேரத்து அளவு ஏறும், உண்மைதான். ஆனால் நஞ்சுக்கொடி அரைகுறையாக வேர்விட்டதற்கு ஏழாம் மாதத்து மாமியார் சண்டை காரணம் ஆகாது. நோயின் விதை விழுந்தது மூன்று, நான்காம் மாதத்தில்.

உப்பு. பிபி என்றதும் உப்பில்லாத கஞ்சியைக் கொடுப்பார்கள். ப்ரீ-எக்ளாம்ப்சியாவைத் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. வீட்டிலேயே படுத்து ஓய்வெடுக்கும்படியும் சொல்லவில்லை. ஊறுகாய், அப்பளத்தை அளவோடு சாப்பிடுவது எல்லோருக்கும் நல்லது. அது வேறு.

கால் வீக்கம். சாயங்காலம் பாதம் வீங்கிக் காலையில் வடிந்தால், அது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். பார்லித் தண்ணீர் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அது ப்ரீ-எக்ளாம்ப்சியாவைத் தொடாது. முகம் திடீரென்று உப்புவதும், நேற்றுப் போட்ட மோதிரம் இன்றைக்குக் கழற்ற முடியாமல் போவதும்தான் கவனிக்க வேண்டியவை.

புகை பிடிப்பவர்களுக்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா சற்றுக் குறைவு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விசித்திரம். யாராவது இதைப் பிடித்துக்கொண்டு வாதாட வந்தால், குழந்தையின் எடை குறைவதிலும் வயிற்றிலேயே இறப்பதிலும் புகையின் பங்கைச் சொல்லி அனுப்பிவிடலாம்.

## ஆஸ்பிரினும் கால்சியமும்

கனமான காரணி ஒன்று, அல்லது நடுத்தரக் காரணிகள் இரண்டு இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின். பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதுதான். விவரங்களில் வித்தியாசம் உண்டு. வயதுக் கோடு பிரிட்டனில் 40, அமெரிக்காவில் 35. எடைக் குறியீடு பிரிட்டனில் 35, அமெரிக்காவில் 30. இரட்டைக் கருவை ஒருவர் நடுத்தரத்தில் வைக்கிறார், இன்னொருவர் கனமானதில். ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார் என்றால், இரண்டு பேரும் வேறு வேறு கோட்டைப் பின்பற்றுகிறவர்களாக இருக்கலாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள்:

1. இது பிபியைக் குறைக்கும் மாத்திரை இல்லை. நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் அமையும் காலத்தில் அவற்றுக்கு உதவுவதற்காகத் தருவது. அதனால்தான் பிபி நார்மலாக இருக்கும்போதே தொடங்குகிறார்கள்.

2. தொடங்க நல்ல நேரம் 12 வாரத்திலிருந்து 16 வாரத்துக்குள். எட்டாம் மாதத்தில் பிபி ஏறிய பிறகு தொடங்கிப் பலனில்லை.

3. அளவு 75 முதல் 150 மில்லிகிராம். 2017இல் ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் நடந்த சோதனையில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்களுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் ப்ரீ-எக்ளாம்ப்சியா, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதத்தினருக்கு வந்தது, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதத்தினருக்கு. மாதம் நிறைந்து வரும் ப்ரீ-எக்ளாம்ப்சியாவில் இந்த அளவு பலன் தெரியவில்லை. ஆனால் குழந்தையையும் தாயையும் அதிகம் படுத்துவது சீக்கிரம் வருவதுதான்.

ஆஸ்பிரின் ஒவ்வாமை, குடல்புண் ரத்தக்கசிவு, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதனால் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள் என்று நாமாக வாங்கிப் போடக்கூடாது. எழுதிக் கொடுத்ததைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

கால்சியத்துக்குப் பட்டியல் பார்க்க வேண்டாம். நம்மூர்ச் சாப்பாட்டில் கால்சியம் குறைவு என்பதால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 14 வாரத்திலிருந்து 500 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் விடுங்கள்.

## அளக்கும்போது நடக்கும் தப்புகள்

பேருந்தில் இறங்கி, படியேறி, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்து கையை நீட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பேசக்கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

பட்டை இன்னொரு சிக்கல். பருமனான கையில் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் எண் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வீட்டில் கருவி வாங்குபவர்கள் மணிக்கட்டில் கட்டுவதைத் தவிர்த்து மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். ப்ரீ-எக்ளாம்ப்சியாவில் சில தானியங்கிக் கருவிகள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், செக்கப்புக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய் அங்கே அளப்பதோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

## வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது

முதல் பிரசவம் தாய்வீட்டில். ஏழு அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப்போய்விடுவார்கள். ப்ரீ-எக்ளாம்ப்சியா அதிகம் தலைகாட்டும் மாதங்களும் இவைதான். வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய நேரத்தில் ஊரும் மருத்துவரும் மாறுகிறார்கள். போன இடத்தில் செவிலியருக்கு இவரைத் தெரியாது, பழைய அட்டை புகுந்த வீட்டுப் பீரோவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, நம் பக்கத்தில் நழுவல் நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கிளம்புவதற்கு முன்பே கிராம சுகாதாரச் செவிலியரிடம் எந்த ஊருக்கு, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தரும் எண்), பிபி எழுதிய அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டு நான்கும் கைப்பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த வாரமே அங்கே ஒரு செக்கப்பும் போட்டுவிடுங்கள்.

இரண்டு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அறிகுறிகள்:

1. மாத்திரைக்கும் அடங்காத தலைவலி.
2. கண்ணில் பூச்சி பறப்பது, மங்கல், மின்னல் வெட்டுவது.
3. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி. இதைத்தான் ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை விடுகிறார்கள். அது கல்லீரல் வலியாக இருக்கலாம்.
4. முகமும் கையும் திடீரென்று வீங்குவது.
5. மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது.

இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்துவிட்டால் வாயில் எதையும் திணிக்காமல் இடதுபக்கமாகப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி விலை குறைந்த பழைய மருந்து. ப்ரீ-எக்ளாம்ப்சியா உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போகிறது என்று 33 நாடுகளில் 10,000 பெண்களிடம் நடந்த சோதனை 2002இல் காட்டியது.

## குழந்தை பிறந்த பிறகு

நஞ்சு வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. பிபி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிரசவமான 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள். சுகப்பிரசவம் என்றால் அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும், முக்கியமாக முதல் 48 மணி நேரத்தில், சில சமயம் வாரங்கள் கழித்தும் வரலாம். ஆகவே கர்ப்பத்தில் பிபி இருந்தவர்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் மறுபடியும், மூன்று மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் அது நிரந்தர பிபியா என்றும் பார்க்க வேண்டும்.

ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர பிபி வரும் வாய்ப்பு மூன்று, நான்கு மடங்கு கூடும். மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழந்தை பிறந்த மறு ஆண்டிலிருந்து வருடம் ஒருமுறை பிபி, சர்க்கரை பார்த்துக்கொண்டால் போதும். நாற்பது வயதில் வேறொரு மருத்துவரிடம் போகும்போதும் ‘எனக்குப் பிரசவத்தில் பிபி இருந்தது’ என்று சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் போகலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காமல் வையுங்கள். எத்தனையாவது வாரத்தில் பிரசவம், பிபி அதிகபட்சம் எவ்வளவு போனது, குழந்தை எத்தனை கிலோ, இந்த மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் செவிலியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.